பொம்பிளைப் பிள்ளைக்கு இடது

நான் இன்றுவரை கதவைப் பூட்டிக்கொண்டு குளித்ததில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய மனுஷி இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். வெட்கம் எப்போதோ தேய்ந்து போய்விட்டது; மிஞ்சியிருப்பது எரிச்சல் மட்டும்தான். நான் குளிக்கும்போது கதவு ஒரு சாண் திறந்திருக்கும். வெளியே கதிரை போட்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். வாளிச் சத்தம் கொஞ்சம் நின்றால் போதும், "என்ன, சத்தத்தைக் காணேல்லை?" என்பாள். எனக்கு வலிப்பு. அம்மாவுக்கு எண்பது வயது ஆகப்போகிறது; நான் உள்ளே விழுந்தால் தூக்க அவளுக்குத் தெம்பும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்திருப்பாள்.

அதனால்தான், காதில் மாட்டுகிற ஒரு கருவி வந்திருக்கிறது, வெட்டுக்கொத்து ஒன்றும் இல்லை, சிலருக்கு வலிப்பு குறைகிறது என்று ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் சொன்னபோது, எனக்கு ஆண்டவர் நினைவுக்கு வரவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள்தான் நினைவுக்கு வந்தது. வீட்டில் அது இருக்கிறது. யாரும் தொடாததால் துருப்பிடித்திருக்கிறது.

அந்தக் கருவியை இடது காதில்தான் மாட்டுவார்களாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல. என் இடது காதின் கதை ஆமிக்கும் இயக்கத்துக்கும் மூண்ட சண்டைக் காலத்தில் நடந்தது. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

எங்கள் வீடு தீவில், பள்ளிமுனையில் இருந்தது. அப்பா கடலுக்குப் போகிறவர். எனக்கு முதல் வலிப்பு வந்தது, நான் முதல் நன்மை வாங்கிய அன்று. வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளை வலை, கையில் மெழுகுதிரி. சுவாமியார் ஆண்டவரின் உடலான நற்கருணை அப்பத்தை நாக்கில் வைத்தது வரைக்கும்தான் எனக்கு நினைவு. மிச்சத்தைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன், ஊரில் அதைச் சொல்லாதவர்கள் கிடையாது. பலிபீடத்துக்கு முன்னால் விழுந்து கைகாலை உதறியிருக்கிறேன். நற்கருணை வாயிலிருந்து நிலத்தில் விழுந்துவிட்டது. கோயில் முழுவதும் அந்த நற்கருணைக்காகப் பதறியது. சுவாமியார் முழந்தாளில் நின்று அதைப் பொறுக்கினார். அது விழுந்த இடத்தைக் கழுவினார்கள், வெள்ளைத் துணியால் துடைத்தார்கள். என்னைப் பொறுக்கியது அம்மா மட்டும்தான், அதுவும் சட்டையை இழுத்து என் முழங்காலை மூடிய பிறகு.

யாரோ கோயில் கதவின் இரும்புத் திறப்பைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் திணித்தார்களாம். இரும்பு பட்டால் வலிப்பு இறங்கும் என்பது ஊர் நம்பிக்கை. அது எப்படியும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். பெயர் இரும்புக்குப் போய்விடும். சுவாமியாரிடம் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் எதையோ ஒளித்துவிட்டு நன்மை வாங்க வந்தவள் என்று அடுத்த வாரமே ஒரு கதை கிளம்பியது. அந்த வயதில் நான் ஒளிக்கக்கூடிய மிகப்பெரிய பாவம் ஒரு துண்டு பனங்கட்டி. எனக்குப் பக்கத்தில் மெழுகுதிரி பிடித்து நின்ற பிள்ளை அதற்குப் பிறகு என் வாங்கில் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் குளிசை தந்தார்கள். வலிப்பு அடங்கியது. சில வருடங்கள் நானும் நாலு பெண்பிள்ளைகளைப்போலப் பள்ளிக்கூடம் போனேன், சண்டை பிடித்தேன், கிணற்றில் தனியாக அள்ளிக் குளித்தேன். அதுதான் சும்மா கிடைத்த சொர்க்கம் என்று அப்போது தெரியவில்லை.

பிறகு தீவுக்குள் ஆமி இறங்கியது. ஊர் ஓடியது. ஒரு விடியலில் நாங்களும் அப்பாவின் வள்ளத்தில் ஏறிப் பெருநிலப்பக்கம் போனோம். நடந்து, நின்று, இழுபட்டு, கடைசியில் பாப்பாமோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே மலையகத்திலிருந்து கலவரத்தில் துரத்தப்பட்டு வந்து காடு வெட்டிக் குடியேறிய சனம் இருந்தது. ஒரு குடும்பம் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் விட்டது. துரத்தப்பட்டவர்களுக்குத்தான் துரத்தப்பட்டவர்களின் வலி தெரியும் என்று அழகாக எழுத எனக்கும் ஆசைதான். அவர்கள் எங்களில் மீன் மணக்கிறது என்று மூக்கைச் சுளித்தார்கள். நாங்கள் அவர்கள் விட்ட நிலத்தில் படுத்துக்கொண்டே, அவர்களைத் தோட்டக்காட்டார் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னோம். வாய் கூசாமல் சொன்னோம்.

அந்தப் பக்கத்துக்கு மருந்து போவதில் கெடுபிடி. ஆஸ்பத்திரி தீவில், நாங்கள் இந்தக் கரையில், நடுவில் ஆமியின் சென்றி. அப்பா பாஸ் எடுத்து ஒருநாள் முழுக்க வரிசையில் நின்று போய்க் குளிசை வாங்கிக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது சென்றியில் நின்றவன் பையைக் கொட்டி, இவ்வளவு குளிசை யாருக்கு, காட்டுக்குள் இருக்கிற ஆட்களுக்கா என்று கேட்டான். மகளுக்கு என்று அப்பா சொன்னார். அவன் கொஞ்சத்தைக் கையில் கொடுத்துவிட்டு மீதியை நிலத்தில் போட்டுச் சப்பாத்தால் தேய்த்தான். அப்பா அந்த மண்ணை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அதைச் சீலைத் துணியில் அரித்து வைத்து, குளிசை முடிந்த பிறகு கரண்டி நுனியால் எனக்குத் தந்தாள். மண்தான் பல்லில் கடிபட்டது.

வலிப்புக் குளிசையைச் சட்டென்று நிற்பாட்டினால் வலிப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பும். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சாப்பிடும்போது வந்தது, நித்திரையில் வந்தது. நிவாரண வரிசையில் ஒருநாள் விழுந்தேன். பின்னால் நின்றவர்கள் என்னைத் தாண்டி ஓரடி முன்னேறினார்கள். அம்மா என்னை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது எங்கள் இடம் இல்லை. இவளுக்கு விழுவதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா என்று ஒரு பெண் முணுமுணுத்தாள். அவளும் பள்ளிமுனைதான், அதே கோயில்தான்.

பிறகு ஒருநாள் கிணற்றடியில் விழுந்தேன். அந்தக் கிணற்றுக்குக் கட்டு இல்லை. தலை விளிம்புக்கு வெளியே தொங்கியபடி கிடந்தேன் என்று சொன்னார்கள். அன்று பின்னேரமே அம்மா அப்பாவின் வலையிலிருந்து ஒரு கயிற்றை அறுத்து எடுத்தாள். ஒரு நுனி என் இடுப்பில், மறு நுனி அவள் இடுப்பில். அன்றிலிருந்து அவள் போகிற இடமெல்லாம் நான். நான் காட்டுக்குள் ஒதுங்கப் போனாலும் கயிறு முழுநீளத்துக்கு இழுபட்டு நிற்கும்; அந்தத் தலைப்பில் அம்மா வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். கிணற்றடியில் மற்றப் பெண்கள் குளித்துவிட்டுப் போன பிறகு, சட்டைக்கு மேலே கயிறோடு என்னை இருத்தி அவளே தண்ணீர் வார்ப்பாள். எனக்குப் பதினாறு வயது. சின்னதுகள் என்னைப் பார்த்து மாடு கத்துவதுபோலக் கத்தும். அந்த நாட்களில் எனக்குச் சண்டை முடிய வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை. கயிறு அவிழ வேண்டும், ஒருதரம் தனியாகக் குளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு இடம் விட்ட வீட்டுக்காரர் கூலி வேலைக்குப் போகிறவர். அதோடு, ஊர் மாடுகளுக்குக் குறி சுடுவதும் அவர்தான். அறுவடை முடிந்து மாடுகளைக் காட்டுக்குள் திறந்துவிடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டு மாட்டுக்கும் அந்தந்த வீட்டு எழுத்தைத் தொடையில் சுட வேண்டும். அப்படிச் சுட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில் ஒரு கன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்து காலை உதறியது. வாயில் நுரை. அவர் சைக்கிள் கம்பி ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி அதன் காதுக்குள் ஓர் இடத்தில் வைத்தார். கன்று துள்ளி எழும்பித் தாய்ப்பசுவிடம் ஓடியது. காதுக்குள் நெருப்பை வைத்தால் செத்த மாடே எழும்பும். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என் அம்மா. கயிற்றின் மறு நுனியில் நான். அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அவர் மறுத்தார். இரண்டு மூன்று நாள் அம்மாவைக் கண்டால் வேலிப்பக்கமாகப் போனார். அம்மா அவருடைய மனைவியைப் பிடித்தாள், கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள், அழுதாள். கடைசியில் ஒரு மத்தியானம் அவரை வழிமறித்தாள்.

"வேணாம்மா. நான் மாட்டுக்குத்தான் போடுறது. இது வயசுப் புள்ள," என்றார் அவர்.

"மாட்டுக்குச் செய்யிற புண்ணியத்தை என்ர பிள்ளைக்குச் செய்யுங்கோ," என்றாள் அம்மா. "இவள் உங்கட கிணத்துக்குள்ள விழுந்து செத்தால், அந்தத் தண்ணியைத்தான் நீங்களும் குடிக்க வேணும்."

அவர் கொட்டில் பக்கம் நடந்தார். போய்ச் சைக்கிள் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நான் ஓடவில்லை. கயிறு கட்டியிருந்தது என்பது ஒரு காரணம். மற்றது, எனக்கும் ஆசை இருந்தது. கன்று எழும்பி ஓடியதை நானும் பார்த்தவள்தானே. வேப்ப மரத்துக்குக் கீழே சாக்கு விரித்திருந்தார்கள். நானே போய்ப் படுத்தேன். அப்பா என் காலைப் பிடித்தார். அம்மா தலையைப் பிடித்தாள். நான் இடப்பக்கமாகத் திரும்பிக் கிடந்ததால் வலது காது மேலே இருந்தது. அவர் குந்தியிருந்து, கம்பியை அந்தக் காதுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். கன்னத்தில் சூடு அடித்தது.

"பொறுங்கோ," என்றாள் அம்மா. "பொம்பிளைப் பிள்ளைக்கு இடது."

எங்கள் பக்கத்தில் நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரி பெண்ணுக்கு இடக்கையில்தான் நாடி பார்ப்பார். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது, இது எல்லோருக்கும் தெரிந்த முறை. அவர் மாட்டுக்குச் செய்கிறவர். மாட்டில் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. தப்பு நடக்கப் பார்த்ததே என்று அவரும் தலையை ஆட்டினார். அம்மா என் தலையைத் தன் இரண்டு கையாலும் தூக்கி மறுபக்கம் திருப்பி வைத்தாள்.

செல் விழுந்து வெடிக்கும் சத்தத்துக்கு நாங்கள் பழகியிருந்தோம். அது வெளியே இருந்து வருவது. இது உள்ளே கேட்டது. தோல் பொரிகிற சத்தத்தைச் சுட்டவரும் கேட்டிருக்க மாட்டார், பிடித்தவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். காதின் சொந்தக்காரி நான் மட்டும்தான் கேட்டேன். என் தலைமயிர் கருகும் மணம் எனக்கே வந்தது. அவர் ஒன்று வைத்துவிட்டு எழும்பப் பார்த்தார். மாட்டுக்கு ஒன்றுதான். அம்மா விடவில்லை. மூன்று வைக்கச் சொன்னாள், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால். அந்த மனிதருக்குப் பிதாவையும் தெரியாது, சுதனையும் தெரியாது. பாவம், கம்பியைத் திரும்பவும் நெருப்பில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அம்மா ஒரு பெயரைச் சொன்னாள். காதுக் குழிக்குள் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, துவாரத்துக்கு முன்னால் இருக்கிற சின்ன முண்டில் ஒன்று. ஆமென் சொன்னது அப்பா.

காது பழுத்து, சீழ் வடிந்து, இலையான் மொய்த்து, ஒருமாதிரி ஆறியது. வலிப்பு வரவில்லை. ஒரு மாதம் போனது, மழை தொடங்கியது, அப்போதும் வரவில்லை. அம்மா கயிற்றை அவிழ்த்துக் கொட்டிலின் கூரை வளையில் மாட்டினாள். நான் தனியாகக் கிணற்றடிக்குப் போனேன். முதல் வாளியைத் தலையில் ஊற்றிவிட்டு, சுற்றிலும் ஒருவரும் இல்லை என்று பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு அழுதேன். சந்தோசத்தில்தான் அழுதேன். காது சுட்ட நோவு, மாட்டுச் சத்தம், எல்லாவற்றையும் அந்தத் தண்ணீரோடு மன்னித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

அம்மா அதோடு நிற்கவில்லை. ஊரெல்லாம் சொன்னாள். பிள்ளைகளுக்கு வலிப்பு வருத்தம் என்று யாராவது வந்தால் என்னைக் கூப்பிடுவாள். வந்தவர்கள் முன்னால் என் காதை மடித்து, மூன்று வடுவையும் விரலால் தொட்டுக் காட்டுவாள். தேரில் வைக்காத குறைதான். வீட்டுக்காரர் பயந்துபோய்க் கொஞ்சநாள் காட்டில் விறகு வெட்டப் போய்விட்டார். ஆனாலும் காய்ச்சலில் உதறிய இரண்டு குழந்தைகளுக்கு அவர்களின் தாய்மாரே சுட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கும் காட்டிய சாட்சி என் காதுதான்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை அது. சுட்ட அதே கிழமைக்குள்ளேயே, நடமாடும் மருத்துவ வண்டியொன்று கோயில் வளவுக்கு வந்து வலிப்புக் குளிசை கொடுத்தது. அம்மாவே வரிசையில் நின்று வாங்கினாள், அவளே எனக்கு நாள் தவறாமல் தந்தாள். அதைப்பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒளித்ததாக நான் நினைக்கவில்லை; அவள் மனதில் குளிசை ஒரு பொருட்டே அல்ல. நெருப்பு எங்கே, குளிசை எங்கே. மழை முடிந்து பாதைகள் திரும்பவும் பூட்டப்பட்டன. வண்டி வருவது நின்றது. குளிசை முடிந்தது. நான் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் விழுந்தேன்.

அம்மா என்னைக் கேட்ட முதல் கேள்வி, நண்டு தின்றாயா என்பது. தின்றிருந்தேன். யாரோ களப்பில் பிடித்துக்கொண்டு வந்து சுட்டுத் தந்த ஒரு நண்டுக்கால். நண்டும் கணவாயும் ஆகாது என்று அவள் பத்தியம் சொல்லியிருந்தாள். அதோடு வழக்கு முடிந்தது. சூட்டில் பிழையில்லை, நான்தான் பத்தியம் முறித்தவள். ஊரும் அப்படியே சொன்னது. தாய் இவ்வளவு பாடுபட்டாள், இவள் நாக்கை அடக்கவில்லையே என்றார்கள். வளையில் தொங்கிய கயிறு இறங்கி என் இடுப்புக்கு வந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று சும்மா சொல்கிறோம். வேலைப் பாய்ச்சுகிறவர்கள் எவ்வளவு அன்போடு பாய்ச்சுவார்கள் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு சில வருடங்கள் கழித்துத் தீவுக்குத் திரும்ப விட்டார்கள். சென்றியில் பெண்களின் வரிசை தனி. எனக்கு இருபது வயது. கயிற்றைக் கண்டால் ஆமி சந்தேகப்படும் என்று அம்மா அதை அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டு, என் சீலைத் தலைப்பைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். வெயில். வலிப்பு வருமுன் எனக்குப் பழைய எண்ணெய் மணம் ஒன்று வரும். அது வந்தது. அம்மாவிடம் சொல்ல வாய் திறந்தது நினைவிருக்கிறது. அடுத்து நடந்தது அப்பா சொன்னது.

ஓர் இளம் பெண் சென்றியில் நுரை தள்ளிக்கொண்டு விழுந்தால் ஆமிக்காரன் என்ன நினைப்பான்? இயக்கப் பிள்ளை, சயனைட் குப்பியைக் கடித்துவிட்டாள் என்றுதான் நினைப்பான். எல்லோரும் துவக்கை நீட்டிக்கொண்டு பின்னால் பாய்ந்தார்கள். ஒருவன் என் மேல் காலை வைத்து அமத்தினான். இன்னொருவன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினான். என் முன்பல் ஒன்று அப்போது போனதுதான். கழுத்தில் கயிறு கண்டதும் குப்பிக் கயிறு என்று வெடுக்கென்று அறுத்தான். வந்தது உத்தரியம். மாதாவின் படம் தைத்த அந்தச் சின்னத் துணியை அவன் பிரித்துப் பிரித்துத் தேடினான். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரும் இவளுக்கு வலிப்பு என்று சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நாலைந்து பேராவது அங்கே நின்றார்கள்.

அம்மா துவக்குகளுக்கு நடுவில் புகுந்து என் மேல் விழுந்தாள். அவளுக்குச் சிங்களத்தில் தெரிந்தது மூன்று சொல். "மாத்தயா, லெட, லெட," என்றாள். வருத்தம், நோய் என்று அர்த்தம். அவர்கள் நம்பவில்லை. அப்போது அவள் தனக்குத் தெரிந்த ஒரே அத்தாட்சியை எடுத்தாள். என் தலையைத் திருப்பி, காதை மடித்துக் காட்டினாள். ஓர் அதிகாரி குனிந்து பார்த்தான். மூன்று வடு. அவன் முகம் மாறியது என்று அப்பா சொன்னார். தமிழ் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு, இவளை யார் இப்படிச் சித்திரவதை செய்தது, இயக்கமா என்று கேட்கச் சொன்னான்.

"மம," என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்த மூன்றாவது சொல் அது. "மம, மாத்தயா. நான்தான்."

அந்த அதிகாரி நிமிர்ந்து, துவக்குகளை இறக்கச் சொன்னானாம். பிறகு கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டான். எனக்கு நினைவு திரும்பியபோது வாயில் இரத்தம், பக்கத்தில் அம்மா. அன்று நடந்ததை அவள் இன்றைக்கும் சொல்லுவாள். அந்தச் சூடு இல்லாவிட்டால் உன்னை அங்கேயே சுட்டிருப்பான்கள் என்பாள். அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

சண்டை முடிந்தது. அப்பா போய்ச் சேர்ந்தார். குளிசைகள் மாறின, அளவு கூடியது, வலிப்பு குறைந்தது, ஆனால் விட்டுப் போகவில்லை. கலியாணம் பேச வந்தவர்கள் திரும்பி நடந்தார்கள். அம்மாவும் நானும் மிஞ்சினோம். கயிறு போய்ச் சீலைத் தலைப்பு வந்தது; பஸ்ஸில் அதை விரலில் சுற்றிக்கொண்டுதான் உட்காருவாள். வீட்டில் குளியலறை வந்தது, தாழ்ப்பாள் வந்தது, கதவுக்கு வெளியே கதிரையும் வந்தது.

அந்த இளம் டொக்டர் நல்ல பிள்ளை. என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவார். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னார். மூளையிலிருந்து ஒரு நீளமான நரம்பு கழுத்து வழியாக இறங்கி, இதயம், வயிறு என்று போகிறது. அதன் கிளையொன்று காதுக் குழிக்குள் தோலுக்கு அடியில் வந்து முடிகிறது. உடம்பில் வேறு எங்கேயும் அந்த நரம்பு அப்படித் தோலுக்குக் கிட்ட வருவதில்லை. அந்த இடத்தில் ஒரு கிளிப்பை மாட்டி மெல்லிய மின்சாரம் கொடுத்தால் நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகும். மூளையில் கிளம்புகிற குழப்பம் சிலருக்கு அதனால் தணிகிறது. எல்லோருக்கும் பலிக்காது. முன்பெல்லாம் நெஞ்சை வெட்டி ஒரு பெட்டியை உள்ளே வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், இப்போது வெளியே இருந்தே செய்யப் பார்க்கிறார்கள். வீட்டில் வைத்துத் தினமும் சில மணிநேரம் மாட்டிக்கொள்ளலாம். பாட்டுக் கேட்கிற கருவி மாதிரித்தான் இருந்தது அது.

எறும்பு ஊர்வதுபோல இருந்தால் சொல்லச் சொன்னார். கிளிப்பை மாட்டிப் பொத்தானைத் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த எறும்புக்காகக் காத்திருந்தேன். வாழ்க்கையில் ஓர் எறும்புக்கு நான் அப்படிக் காத்திருந்ததில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினார். ஒன்றுமில்லை. கிளிப்பை எடுத்துவிட்டு விளக்கைப் பிடித்துக் காதுக்குள் பார்த்தார். பஞ்சு நுனியால் தொட்டார். வலது காதில் கூசியது. இடது காதில் அவர் தொடுவதே தெரியவில்லை. மேலே தொட்டார், நடுவில் தொட்டார், முண்டில் தொட்டார். மூன்று இடத்திலும் தெரியவில்லை.

"இது என்னண்டு வந்தது, அன்ரி?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் அம்மா சொன்னாள். "நான்தான் சுடுவிச்சனான்."

அவர் கிளிப்பைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். வலது காதில் மாட்ட முடியாதா என்று நான் கேட்டேன். வலப்பக்க நரம்புக்கு இதயத்தோடு தொடர்பு கூட, அதனால் இடதில்தான் செய்வது வழக்கம், வலதில் செய்ய அவருக்குத் துணிவில்லை என்றார். செத்த தோலில் மாட்டிப் பயன் வருமென்று சொல்லி என்னை ஏமாற்றவும் அவருக்கு மனமில்லையாம். குளிசையை மாற்றிப் பார்ப்போம் என்று மருந்துத் துண்டு எழுதித் தந்தார்.

நான் ஆண்பிள்ளையாகப் பிறந்திருந்தால் வலது காது வெந்திருக்கும், இடது காது மிஞ்சியிருக்கும். அம்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் மிஞ்சியிருக்கும். கம்பி வலது காதுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. பரிசுத்த ஆவியை விட்டிருந்தால்கூட அந்த முண்டாவது தப்பியிருக்கும். ஆஸ்பத்திரி நடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்து நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, டொக்டர் என்ன சொன்னவர் என்று கேட்டாள். அவளுக்குக் கொஞ்சம் காது மந்தம், டொக்டரின் மெல்லிய பேச்சில் பாதிதான் கேட்டிருக்கிறது. பாவம் வயதுபோனவள் என்று நான் ஏதாவது பூசி மெழுகியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. அவள் அழ வேண்டும் போல இருந்தது. ஒருதரமாவது இதற்காக அவள் அழுவதை நான் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"அவர் மெஷின் மாட்டப் பாத்த இடமும் நீங்கள் சுடுவிச்ச இடமும் ஒண்டு," என்றேன், சத்தமாக, கிட்டக் குனிந்து. "அந்த இடத்திலதான் நரம்பு இருக்காம். நீங்கள் அதைச் சுட்டுச் சாக்காட்டிப் போட்டியள். இனி ஒண்டும் செய்யேலாது."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பவும் போட்டாள். இப்போது அழப்போகிறாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்ப இடம் பிழையில்லை," என்றாள்.

அவள் தலையை ஆட்டினாள். இத்தனை படித்த டொக்டர்மார் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு மனுஷியிடமும் அதைச் சொன்னாள், என் காதை மடித்துக் காட்டப் பார்த்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் துவாயை எடுத்துக்கொண்டு நேரே குளியலறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருவில் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளி அதைப் போட்டேன். வெளியே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நான் வாளியைத் தூக்கவில்லை. நிலம் ஈரமாக இருந்தது, தொட்டியின் விளிம்பு சீமெந்து. விழுந்தால் தலை எங்கே படும் என்று பார்த்தேன். ஒரு பழைய எண்ணெய் மணம் வருகிறதா என்று மூக்கை விரித்து மோந்து பார்த்தேன். அப்படி வந்தாலும் இந்தத் தாழ்ப்பாளைத் திறக்கிற நேரம் எனக்குக் கிடைக்காது.

"என்ன, சத்தத்தைக் காணேல்லை?" என்றாள் அம்மா.

நான் தாழ்ப்பாளை இழுத்தேன். போடுவதைவிட எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது, விரல் கிழிந்தது. கதவை ஒரு சாண் திறந்துவிட்டு, வாளியைத் தூக்கித் தண்ணீர் வார்த்தேன்.